பரணிலிருந்து இறங்கிய பென்டியம்

போன ஐப்பசியில், அடைமழை பிடிப்பதற்கு முன்னால் பரணை ஒழித்துவிடலாம் என்று ஏறினேன். பித்தளை அண்டா, கொலுப் பொம்மைப் பெட்டி, அதற்கும் பின்னால் பழைய போர்வையில் சுற்றிய ஒரு சிபியு. 2004-ல் நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அப்பா கூட்டுறவுச் சங்கத்தில் கடன் போட்டு வாங்கித் தந்தது. 27 ஆயிரம் ரூபாய். பென்டியம் 4, 2.8 கிகாஹெர்ட்ஸ், 256 எம்பி ரேம், 40 ஜிபி ஹார்ட் டிஸ்க். ரேமைப் பின்னால் 1 ஜிபி ஆக்கினேன். என் ப்ராஜெக்ட், தம்பியின் ப்ராஜெக்ட், அப்பா ரிட்டயர் ஆனபின் உட்கார்ந்து தட்டிய பக்கங்கள் எல்லாம் இதில்தான். 2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கான ஆதரவு நின்றது. அந்த வருஷமே பெட்டி பரணேறிவிட்டது.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிறது. கொள்ளிடக் கரையில் கழிந்த தன் சின்ன வயசைப் பற்றி அவர் எழுதிக்கொண்டிருந்தார் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். அதை முழுசாகப் படித்தவர் யாரும் இல்லை. அச்செடுத்த நாலு பக்கம் அம்மாவின் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, அவ்வளவுதான். மீதி இந்தக் கணினிக்குள் இருக்க வேண்டும்.

அதனால் இந்தக் கணினியை ஓடவைப்பது எனக்குப் பொழுதுபோக்கு வேலையாக இருக்கவில்லை.

திருச்சியில் நான் வழக்கமாகப் போகும் சர்வீஸ் கடைத் தம்பி கவரைக் கழற்றியதும் உதட்டைப் பிதுக்கினார். பிராசஸருக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கும் கெபாசிட்டர்களில் மூன்றின் தலை உப்பியிருந்தது. ஒன்றின் மேல் பழுப்பாக ஏதோ கசிந்து காய்ந்திருந்தது. 2000-த்தின் முதல் சில வருஷங்களில் வந்த பல மதர்போர்டுகளுக்கு இந்த நோய் உண்டு. கெபாசிட்டருக்குள் ஊற்றிய திரவம் தரமில்லாமல், சில வருஷத்தில் வாயு உண்டாகி ஊதிவிடும்.

"அக்கா, இதை எடைக்குப் போடுங்க. கொஞ்சம் காசு சேர்த்துப் போட்டா செகண்ட்ஸ்ல நல்ல ஐ3 மெஷினே எடுத்துத் தர்றேன்."

"தெரியும் தம்பி. இது அப்பா வாங்கினது. ஒரு தடவை ஓடணும்."

அதற்கப்புறம் அவர் எதுவும் சொல்லவில்லை. மூன்றை மட்டும் மாற்றினால் மற்றவை பின்னாலேயே போகும் என்று வரிசை முழுவதையும் கழற்றினார். 3300 மைக்ரோஃபாரட், 6.3 வோல்ட். ரேடியோ ரிப்பேருக்குப் போடுகிற சாதாரண கெபாசிட்டரைப் பொருத்தினால் ஆறு மாதம் தாங்காது. மதர்போர்டுக்கென்றே வரும் குறைந்த ஈஎஸ்ஆர் (உள் மின்தடை) ரகம் வேண்டும். அது சென்னை ரிச்சி தெருவிலிருந்து பார்சலில் வர நாலு நாள் ஆனது. சூட்டுப் பசையைப் புதிதாகத் தடவி, ரேம் கார்டின் தங்கப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து, ஊதிப் பொருத்தினார். சுவிட்சைப் போட்டதும் ஒரே ஒரு 'பீப்'. அந்தச் சத்தத்தைக் கேட்டு எத்தனை வருஷம்!

அப்பாவின் டிஸ்கை அப்போது நான் மாட்டவே இல்லை. கழற்றித் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டேன். கடையில் கிடந்த வேறொரு பழைய 80 ஜிபி ஐடிஇ டிஸ்கை வாங்கி, சிஸ்டத்தை அதில் போடுவது என்று முடிவு.

எந்த சிஸ்டம்? அலுவலகத்தில் பத்து வருஷமாக டெபியன் லினக்ஸில்தான் வேலை பார்க்கிறேன். கை முதலில் அங்கேதான் போனது. ஆனால் 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ல் 32 பிட் பிசிக்கான இன்ஸ்டாலரும் இல்லை, சிஸ்டத்தின் மையமான கர்னலும் இல்லை. அப்புறம் டிசம்பரில் வந்த ஃப்ரீபிஎஸ்டி 15-ம் 32 பிட் பிசியைக் கைவிட்டுவிட்டது. அவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஒரு வகைக் கணினியைத் தாங்குவதென்றால் ஆயிரக்கணக்கான மென்பொருள்களை அதற்கென்று தனியே தொகுத்து, சோதித்து, பிழை வந்தால் உட்கார்ந்து பார்க்க ஆள் வேண்டும். 32 பிட் நிரலுக்கு 4 ஜிபிக்கு மேல் நினைவகம் எட்டாது. இன்றைய பெரிய பிரவுசரைத் தொகுக்க அது போதவே போதாது.

பழைய டெபியன் 12-ஐப் போட்டிருக்கலாம். 32 பிட்டுக்கு இன்னும் இடம் கொடுக்கும் வேறு சில லினக்ஸ்களும் உண்டு. நான் ஓபன்பிஎஸ்டிக்குப் போனேன். யுனிக்ஸின் பெர்க்லி கிளையிலிருந்து வந்தது அது. கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் வளர்ந்த நிரலை 1992-ல் வில்லியம் ஜோலிட்ஸ், லின் ஜோலிட்ஸ் தம்பதி 386பிஎஸ்டி என்ற பெயரில் சாதாரண பிசிக்குக் கொண்டுவந்தார்கள். 1993-ல் நெட்பிஎஸ்டி. அதிலிருந்து 1995-ல் பிரிந்து, தியோ டி ராட் கனடாவின் கால்கரியில் தொடங்கியது ஓபன்பிஎஸ்டி. இந்தப் பெயரைக் கேள்விப்படாதவர்கள்கூட இவர்களுடைய வேலையைத் தினமும் பயன்படுத்துகிறார்கள்: உலகத்து சர்வர்களுக்குள் நுழைய எல்லோரும் நம்பியிருக்கும் ஓபன்எஸ்எஸ்எச் 1999-ல் இந்தக் குழு வெளியிட்டதுதான்.

அவர்களிடம் எனக்குப் பிடித்த ஒரு பழக்கம் உண்டு. எந்த வகைக் கணினிக்கான பதிப்போ, அந்த வகைக் கணினியிலேயே அதைத் தொகுக்கிறார்கள். வேகமான புதிய இயந்திரத்தில் தொகுத்துப் பழையதற்கு அனுப்புவதில்லை. அதனால் பழைய இயந்திரம் நிஜமாகவே ஓடுகிறதா என்பது ஒவ்வொரு தடவையும் தெரிந்துவிடும். இன்டெல்லில் பல வருஷம் ஒளிந்திருந்த பிழை, பைட்டுகளை வேறு வரிசையில் அடுக்கும் ஸ்பார்க் போன்ற இயந்திரத்தில் ஓட்டும்போது வெளியே வந்து விழும். பழைய இரும்பை அவர்கள் வைத்திருப்பதால் புதிய கணினிக்கும் லாபம்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். 32 பிட் பிசிக்கு எளிதான, முக்கியமான பாதுகாப்புத் திருத்தங்களை மட்டுமே தருவோம் என்று அவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்த நேர்மைக்காகவே நான் அவர்களை நம்புகிறேன். அதே காரணத்தால் இந்தக் கணினியில் வங்கிக் கணக்கைத் திறக்க மாட்டேன்.

இந்தக் கணினியின் 2004 பயாஸ் பென் டிரைவிலிருந்து கிளம்பாது. சிடி வேண்டும். வெற்று சிடி இப்போது கடையில் கேட்டால் நம்மை ஏற இறங்கப் பார்க்கிறார்கள். கடைசியில் ஒரு ஸ்டூடியோக்காரர் அலமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். ஓபன்பிஎஸ்டி 7.8-ன் சின்ன சிடி வடிவத்தை எழுதி, நெட்வொர்க் கேபிளை மாட்டி, போட்டேன். படம், பொத்தான், அம்புக்குறி எதுவும் கிடையாது. கறுப்புத் திரையில் ஒவ்வொரு கேள்வியாகக் கேட்கிறது. கணினியின் பெயர் என்ன, நெட்வொர்க் எது, பாஸ்வேர்டு என்ன. பெரும்பாலும் என்டர் தட்டினால் போதும். முடியும் தறுவாயில் ஒரு கேள்வி வந்தது: நேரம் தவறாக இருப்பதுபோல் தெரிகிறது, சரி செய்யட்டுமா? மதர்போர்டின் பொத்தான் பேட்டரியை மாற்ற நான் மறந்திருந்தேன், கணினி 2002-ல் உட்கார்ந்திருந்தது. தேதி தப்பாக இருந்தால் பாதுகாப்பான இணையத் தளங்களின் சான்றிதழ் ஒன்றுகூடச் செல்லாது. அதை யோசித்து இன்ஸ்டாலரிலேயே ஒரு கேள்வியை வைத்திருக்கிறார்களே என்று ஒரு நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

தேதி என்றதும் 2038 நினைவுக்கு வருகிறது. 1970-லிருந்து விநாடிகளை 32 பிட்டில் எண்ணும் யுனிக்ஸ்களுக்கு 2038 ஜனவரி 19, நம் நேரப்படி காலை 8 மணி 44 நிமிஷம் 7 விநாடியோடு எண்ணிக்கை நிரம்பிவிடும். ஓபன்பிஎஸ்டி 2014-ல் வந்த 5.5 பதிப்பிலேயே, 32 பிட் கணினிகளுக்கும் சேர்த்து, இந்த எண்ணை 64 பிட்டாக மாற்றிவிட்டது. கெபாசிட்டர் தாங்கினால் இந்தப் பென்டியம் அந்தக் காலையைத் தாண்டும்.

முதல் தடவை உள்ளே நுழைந்ததும் எனக்கு ஒரு அஞ்சல் காத்திருந்தது. தியோ டி ராட் பெயரில் ஒரு வரவேற்புக் கடிதம். புதிதாகப் போட்ட எல்லாக் கணினியிலும் இருக்கும். அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதற்குக் கையேட்டில் தனிப் பக்கமே இருக்கிறது. இணையத்தில் தேடாமல், கணினிக்குள் இருக்கும் கையேட்டை மட்டும் படித்தே முதல் வாரத்தை ஓட்டினேன். அவ்வளவு சுத்தமாக எழுதிய கையேட்டை வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் ஐந்து நிமிஷத்துக்கு மேல் டிஸ்க் கரகரவென்று ஓடும். முதலில் பயந்துவிட்டேன். அது கர்னலை மறுபடி கோக்கும் வேலை. கர்னலின் துண்டுகளை ஒவ்வொரு தடவையும் வேறு வரிசையில் சேர்த்து, அடுத்த துவக்கத்துக்குப் புதிய கர்னல் ஒன்றைத் தயாராக வைக்கிறது. உள்ளே நுழைய நினைப்பவனுக்கு எது எங்கே இருக்கும் என்று முன்கூட்டித் தெரியாது. புதிய கணினியில் இது கண்ணுக்கே படாது, இங்கே காதால் கேட்கலாம். நான் அதை நிறுத்தவில்லை. அந்த நேரத்தில் காபி போட்டுக்கொண்டு வந்துவிடுவேன்.

சரி, அப்பாவின் டிஸ்குக்கு வருகிறேன்.

ஐடிஇ கேபிளில் இரண்டு டிஸ்க் மாட்டினால் ஒன்று மாஸ்டர், மற்றது ஸ்லேவ். பின்பக்கம் இரண்டு ஊசிகளுக்கு நடுவே செருகும் குட்டி ஜம்பரை நகர்த்த வேண்டும். இருபது வருஷத்துக்குப் பிறகு என் கைக்கு அது ஞாபகம் இருந்தது. டிஸ்க் சுழன்றது. முதல் வேலையாக முழு டிஸ்கையும் அப்படியே ஒரே கோப்பாக 80 ஜிபியில் படியெடுத்தேன். முக்கால் மணி நேரத்துக்கும் மேல் ஓடிற்று. அந்த நேரம் முழுக்க நாற்காலியை விட்டு எழவில்லை. அப்புறம் அப்பாவின் டிஸ்கைக் கழற்றி மறுபடி துணியில் சுற்றிவிட்டேன். இனி அதைத் தொட வேண்டியதில்லை. விண்டோஸின் என்டிஎஃப்எஸ் வடிவத்தை ஓபன்பிஎஸ்டி படிக்க மட்டும் செய்யும், எழுதாது. எனக்கு அதுதான் வேண்டும்.

மொத்தம் 23 வேர்டு கோப்புகள். ஆன்டிவேர்டு என்ற சின்ன நிரலைப் போட்டு உள்ளிருந்த எழுத்தை மட்டும் உருவினேன். திரையில் வந்தது ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் கலந்த குவியல். அப்பா பாமினி எழுத்துருவில் தட்டியிருந்தார். அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களில் பலவும் இப்படித்தான்: கோப்புக்குள் இருப்பது ஆங்கில எழுத்து, அதன் படத்தை மட்டும் தமிழாக வரைந்திருப்பார்கள். எழுத்துரு இல்லாவிட்டால் தமிழும் இல்லை.

மாற்றித் தரும் தளங்கள் இருக்கின்றன. அப்பாவின் எழுத்தை எங்கேயோ ஒரு தளத்தில் ஒட்ட எனக்கு மனசில்லை. ஓபன்பிஎஸ்டியோடு பெர்ல் நிரல்மொழி கூடவே வருகிறது, தனியாக எதையும் போட வேண்டாம். பாமினி அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நானே எழுத ஆரம்பித்தேன்.

சிக்கல் கொம்பில் வந்தது. பாமினியில் கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் தட்டுவார்கள். 'கெ' என்றால் முதலில் கொம்பு, அப்புறம் க. யூனிகோடில் உச்சரிக்கிற வரிசை: முதலில் க, அப்புறம் கொம்பு. ஆகவே கொம்பு வரும் ஒவ்வோர் இடத்திலும் இரண்டையும் இடம் மாற்ற வேண்டும். 'கொ' இன்னும் மோசம், கொம்பும் காலுமாக எழுத்தின் இரண்டு பக்கமும் நிற்கும். என் முதல் நிரல் கொம்பைத் தனியாக, காலைத் தனியாக மாற்றிவிட்டது. பார்க்கச் சரியாகத்தான் இருந்தது. ஆனால் 'கொள்ளிடம்' என்று தேடினால் ஒன்றுகூட அகப்படவில்லை. கொள்ளிடத்தைப் பற்றியே எழுதிய மனிதரின் 23 கோப்பில் கொள்ளிடம் இல்லையாம்! இரவு பதினொரு மணிக்குத்தான் புரிந்தது. யூனிகோடில் 'ஒ'கரக் குறிக்குத் தனி எண் இருக்கிறது. கொம்பும் காலும் சேர்ந்தால் அதே உருவம் தெரியும், ஆனால் உள்ளே வேறு எண்கள். மூன்று துண்டாக வருவதை முதலில் பிடித்து மாற்றி, அதற்குப் பிறகே இரண்டு துண்டுக்குப் போக வேண்டும். வரிசையை மாற்றி ஓட்டினேன். கொள்ளிடம் 61 இடத்தில் வந்தது.

மறுநாள் அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். வெள்ளத்தில் கன்றுக்குட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு தாத்தா கரையேறிய கதை. "இதை என்கிட்ட சொன்னதே இல்லையேடி," என்றாள் அம்மா. அதற்கு மேல் அன்றைக்கு வாசிக்கவில்லை.

வேலை முடிந்தும் கணினியைப் பரணில் ஏற்றவில்லை. எழுதுவதற்கு இதைத்தான் வைத்திருக்கிறேன். எளிய சாளர நிர்வாகியோடு நூறு எம்பி ரேமுக்குள் அடங்கிவிடுகிறது. தமிழ்தான் கொஞ்சம் படுத்தியது. சாதாரண டெர்மினலுக்குத் தமிழை ஒழுங்காகக் கோக்கத் தெரியாது. கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும். டில்லோ என்ற குட்டி பிரவுசரிலும் எனக்கு அதே கதை. நெட்சர்ஃப் பிரவுசரில் நோட்டோ எழுத்துருவைப் போட்டதும் தமிழ் அழகாக வந்தது. தட்டச்சுக்கு நான் தமிழ்99 ஆள். 'அம்மா' என்று அடிக்க அ, ம, ம, ஆ என்று நாலே தட்டு, நடுவில் புள்ளி தானாக விழும். ஒரு விசைக்கு ஓர் எழுத்து என்று மட்டும் தெரிந்த அடிப்படை விசைப்பலகை அமைப்பால் அந்தப் புள்ளியை வைக்க முடியாது. ஈமேக்ஸுக்குள் தமிழ் உள்ளீட்டு முறை கூடவே வருவதால் அதில் எழுதுகிறேன், இந்தப் பதிவு உட்பட.

இதில் செய்ய முடியாதவற்றை மறைக்க மாட்டேன். ரயில் டிக்கெட், கரண்ட் பில், வீடியோ, வங்கி எதுவும் நடக்காது. அந்தத் தளங்கள் கேட்கும் பிரவுசருக்கு 1 ஜிபி ரேம் காலை ஊன்றக்கூடப் போதாது. இரவு பகலாக சர்வராக ஓட்டுவதும் தண்டம். மின் அளவியில் பார்த்தேன், சும்மா இருக்கும்போதே 70 வாட். நாள் முழுக்க ஓடினால் 1.68 யூனிட், இரண்டு மாதத்துக்கு 100 யூனிட்டுக்குச் சற்று மேல். வீட்டுக்கு அரசு இலவசமாகத் தரும் 100 யூனிட்டை இது ஒன்றே தின்றுவிடும். எழுதும்போது போடுகிறேன், முடிந்ததும் முறையாக நிறுத்திவிடுகிறேன்.

முறையாக என்பதை அழுத்திச் சொல்கிறேன். கார்த்திகையில் ஒரு நாள் இடி இடித்துக் கரண்ட் போனது; யுபிஎஸ் பேட்டரி ஏற்கெனவே செத்திருந்தது. ஓபன்பிஎஸ்டியின் கோப்பு முறைமையில், மாற்றங்களை முன்கூட்டியே குறித்துவைக்கும் ஜர்னல் கிடையாது. மறுபடி போட்டதும் ஒவ்வொரு பகுதியாகச் சரிபார்க்க ஆரம்பித்து, வீட்டுக் கோப்புகள் இருக்கும் பகுதியில் நின்று, நீயே கையால் சரிபார் என்று சொல்லிவிட்டது. கேள்வி கேட்கக் கேட்க ஆம் என்று தட்டி அரை மணி நேரத்தில் மீட்டேன். எதுவும் போகவில்லை. மறுநாளே யுபிஎஸ்ஸுக்குப் புது பேட்டரி வாங்கினேன். கரண்ட் நிலையில்லாத ஊரில் இருப்பவர்கள் இதை யோசித்துக்கொள்ள வேண்டும். நெட்பிஎஸ்டியில் ஜர்னல் வசதி உண்டு.

எட்டாவது படிக்கும் மகளுக்கு இந்தக் கணினி பிடித்துப்போனதற்குக் காரணம் அரித்மெடிக் என்ற நிரல். பெர்க்லி காலத்துச் சின்ன விளையாட்டுகளில் ஒன்று, சிஸ்டத்தோடே வருகிறது. கூட்டல், கழித்தல் கணக்கு ஒன்றைக் காட்டும். சரியாகச் சொன்னால் 'ரைட்!', தப்பென்றால் 'வாட்?'. இருபது கணக்கானதும் எத்தனை சரி, எவ்வளவு நேரம் என்று சொல்லும். நேரத்தைக் குறைப்பதற்காகவே தினமும் உட்கார்ந்தாள். போன வாரம், "அம்மா, இதுல பெருக்கல் மட்டும் வர்ற மாதிரி பண்ண முடியுமா?" என்றாள். கையேட்டைத் திறந்து காட்டினேன், அவளே கண்டுபிடித்தாள். அந்த நிரலின் மூலத்தையும் எடுத்துக் கொடுத்திருக்கிறேன். 'ரைட்'டுக்குப் பதில் 'சபாஷ்' என்று மாற்றித் தொகுத்துப் பார்க்க வேண்டுமாம். டெர்மினலில் தமிழ் சிதறும் என்று சொல்லியிருக்கிறேன். பார்க்கலாம் என்கிறாள்.

2025 அக்டோபர் 14-ஆம் தேதி விண்டோஸ் 10-க்கான ஆதரவும் முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 ஏற்காத கணினிகள் இப்போது அலுவலகங்களிலிருந்தும் வீடுகளிலிருந்தும் எடைக்குப் போகின்றன. அவற்றில் பெரும்பாலானவை 64 பிட், 4 ஜிபி ரேம் உள்ளவை. என் பென்டியத்தைவிடப் பல மடங்கு வலு. டெபியன் 13 அவற்றில் தாராளமாக ஓடும், பிரவுசர் உட்பட. தெரிந்த பள்ளிக்கூடமோ படிக்கிற பிள்ளையோ இருந்தால் அதைப் போட்டுக் கொடுங்கள்.

அதைவிடப் பழைய பெட்டி உங்கள் பரணில் இருந்தால் ஒரு வேண்டுகோள். சுவிட்சைப் போடுவதற்கு முன் கவரைக் கழற்றிக் கெபாசிட்டர்களைப் பாருங்கள். உப்பியிருந்தால் கரண்ட் கொடுக்காதீர்கள். கணினியை வைத்துக்கொள்வதும் எடைக்குப் போடுவதும் உங்கள் இஷ்டம். ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்கை முதலில் கழற்றி எடுத்து வைத்துவிடுங்கள். யார் என்ன எழுதி வைத்துவிட்டுப் போனார்கள் என்று அதைத் திறந்து பார்க்கும்வரை தெரியாது. பாமினிக்கு நான் எழுதிய பெர்ல் நிரல் தயாராக இருக்கிறது, கேட்பவர்களுக்குத் தருகிறேன்.